வளவில் தொங்கிய வெப்பமானி

சென்ற சித்திரை முதல் நாளன்று செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வெப்பமானிகளைத் தொங்கவிட்டேன். ஒன்று முகப்புத் திண்ணையில், வெயில் படாத தூணில். இன்னொன்று வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், கிழக்குப் பட்டாலைச் சுவரில். மூன்றாவது, மூன்றாம் கட்டுக்கு மேலே தொண்ணூறுகளில் எழுப்பிய கான்கிரீட் அறையில். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். அளந்து பார்க்காமல் வாய் திறக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் எனக்குள்ளும் ஊறிவிட்டது. பிற்பகல் மூன்று மணி, இரவு பத்து மணி, விடியற்காலை ஐந்து மணி என்று நாளைக்கு மூன்று முறை, அக்கினி நட்சத்திரம் கழியும் வரை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன்.

அந்த நோட்டில் மே மாதத்துப் பக்கம் ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்கு முகப்பில் 39 டிகிரி, வளவில் 32, கான்கிரீட் அறையில் 37. இரவு பத்து மணிக்கு முகப்பு 31-க்கு இறங்கிவிட்டது, வளவு 30-க்கு வந்துவிட்டது. கான்கிரீட் அறை மட்டும் 36-இல் நின்றது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம், நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கீழே கொட்டத் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் குளிர்சாதனம் இருப்பது அந்த ஓர் அறையில்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் பெரும் பங்கை அந்த ஒற்றை அறை தின்கிறது.

நான் அளக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் கட்டின் ஓட்டுக் கூரை மூன்று இடங்களில் ஒழுகத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், ஓட்டையும் மரத்தையும் பிரித்து எடுத்துவிட்டுத் தளம் போட்டு, உள்ளே பொய்க்கூரை அடித்து, நான்கு அறைகளுக்குக் குளிர்சாதனம் வைத்துவிடலாம் என்றார். பிரிக்கும் பர்மா தேக்கை விற்றாலே பாதிச் செலவு தேறிவிடும் என்றும் சொன்னார். பங்காளிகளில் பலருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் வயிற்றைப் பிசைகிறது என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணைக் காட்டினால் கேட்பார்கள். அதற்காகத்தான் வெப்பமானி.

என் மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில், பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் அலுவலகம் ஒன்றில் கட்டடக் கலைஞராக இருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அன்று இரவே அழைத்தாள். "ஆத்தா, இந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இங்கே ஒரு வீட்டைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் செய்கிற முதல் வேலையே இதுதான்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வகுப்பில் உட்கார்ந்திருந்தது இந்த முறை நான்.

அவள் சொன்னதில் முதலில் என்னை உலுக்கியது ஓர் எளிய செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதம் கட்டடங்களுக்குப் போகிறது. அங்கே இன்று நிற்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 2050-லும் நின்றுகொண்டிருக்கும். ஆகவே புது வீட்டை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கணக்கு நேராகாது. பழைய வீட்டைத் தொட்டாக வேண்டும். ஆனால் ஆண்டுக்கு நூற்றில் ஒரு கட்டடம்தான் ஆற்றல் செலவு குறையும்படி சீரமைக்கப்பட்டு வந்தது. 2020 அக்டோபரில் 'சீரமைப்பு அலை' என்று பெயரிட்டு, அந்த வேகத்தை இரட்டிப்பாக்கி 2030-க்குள் 3.5 கோடிக் கட்டடங்களைச் சீர்செய்வது என்று இலக்கு வைத்தார்கள்.

இலக்கு வைப்பது எல்லா அரசுகளும் செய்வதுதான். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் இருக்கும் ஓர் ஏற்பாடு. கட்டடங்களின் ஆற்றல் திறன் பற்றிய முதல் ஐரோப்பியக் கட்டளை 2002-ல் வந்தது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டமாக மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் திண்டாடாமல் இருக்க, 2005 முதல் எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒன்றியத்தில் சேராத நார்வேயும் அதில் உண்டு. எங்கள் நாட்டில் இப்படிச் செய்தோம், இந்த இடத்தில் தவறிப்போனது, நீங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கென்றே ஒரு சபை. எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு, தவறை மறைக்காமல் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய செய்தியாக இருந்தது.

தவறு என்றால் சிறிய தவறில்லை. இத்தாலி 2020-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டைச் சீரமைக்க நூறு ரூபாய் செலவழித்தால் நூற்றுப்பத்து ரூபாய் வரிக்கழிவு. வீட்டுக்காரருக்குத் தன் காசு ஒரு பைசா போகாது என்றால் விலையை யார் பேரம் பேசுவார்கள்? பொருள் விலை ஏறியது, கூலி ஏறியது, பொய்க் கணக்குகள் வந்தன, அரசின் செலவு 10 ஆயிரம் கோடி யூரோவைத் தாண்டியது. வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஏதாவது போட வேண்டும் என்ற பாடத்தை ஐரோப்பா விலை கொடுத்துப் படித்தது. நாம் அதை இலவசமாகப் படித்துக்கொள்ளலாம்.

2024-ல் அந்தக் கட்டளையைத் திருத்தி எழுதினார்கள். குடியிருப்புகளின் சராசரி ஆற்றல் செலவை 2020-ஐ ஒப்பிட 2030-க்குள் 16 சதவீதம் குறைக்க வேண்டும்; அந்தக் குறைப்பில் 55 சதவீதமாவது, இருப்பதிலேயே மோசமான 43 சதவீதக் கட்டடங்களிலிருந்து வர வேண்டும். மோசமானதிலிருந்து தொடங்கு என்பதுதான் இதன் சாரம். என் நோட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மோசமானது எது? நூறு ஆண்டு கண்ட வளவு இல்லை, முப்பது ஆண்டுகூட ஒழுங்காகத் தாங்காத கான்கிரீட் அறை. ஒப்பந்தக்காரர் நல்லதைப் பிரித்து, மோசமானதைப் போல் நான்கு கட்டித்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்!

மகள் ஓர் எச்சரிக்கையும் சொன்னாள். "நாங்கள் இங்கே செய்வதை அப்படியே அங்கே கொண்டுவந்தால் வீடு பாழாகும் ஆத்தா." ஸ்டுட்கார்ட்டில் வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும். சுவருக்கு வெளியே ஒரு சாண் தடிமனுக்கு வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டி, சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி போட்டு, இடுக்கு இல்லாமல் அடைக்கிறார்கள். இங்கே வெளியே இருக்கும் சூடு உள்ளே வராமல் இருக்க வேண்டும்; வந்த சூடு இரவில் வெளியே போக வழி வேண்டும். அடைத்தால் ஒப்பேறாது. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி வளவு, ஒன்றரை அடி இரண்டடிச் சுவர், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய நாட்டு ஓடு, முகப்பு வாசலில் நின்றால் கொல்லை வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் கதவுகள் என்று எங்கள் முன்னோர் கட்டியது முழுக்கக் காற்று போய்வரும் கணக்கு. முற்றத்தில் சூடான காற்று மேலே எழும். நிழலில் கிடக்கும் கட்டுகளிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். இரவெல்லாம் திறந்த வானத்தைப் பார்த்துத் தரை குளிரும். விடியற்காலை ஐந்து மணிக்கு வளவுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் இது புரியும், வெப்பமானிகூட வேண்டாம்.

சூடு இப்போது ஐரோப்பாவுக்கும் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2003 கோடையில் அங்கே 70 ஆயிரம் பேர் வரை வெப்பத்தால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிருக்காகவே கட்டிய வீடுகள். என் மகளின் அலுவலகத்தில் இப்போது வெளிப்புறப் பலகைத் திரை, இரவுக் காற்றோட்டம் என்று பேசுகிறார்கள். எங்கள் வளவின் வரைபடத்தையும் என் நோட்டையும் அவள் உடன் வேலை செய்பவர்களுக்குக் காட்டியபோது ஒருவர், இரவில் முற்றத்தைத் திறந்தே வைப்பீர்களா, மழைக்கு என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாராம். ஆக நாம் கற்றுக்கொள்ள மட்டும் போகவில்லை. கொடுப்பதற்கும் நம்மிடம் இருக்கிறது.

கொடுப்பதற்கு இருப்பது கட்டடத்தில் மட்டுமில்லை, கையிலும் இருக்கிறது. அதை நான் ஆனி மாதத்தில் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் கட்டின் மேற்குச் சுவரில் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் இடுப்பளவு சிமெண்ட் பூசியிருந்தோம். ஈரம் அடிக்கிறது, சிமெண்ட் போட்டால் நிற்கும் என்று அப்போது நம்பினோம். பக்கத்து ஊரிலிருந்து வந்த வயதான கொத்தனார் அந்தச் சுவரைக் கையால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஓசை மாறியது. கரணையின் முனையால் நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் ஓடு போலப் பெயர்ந்து வந்தது. உள்ளே செங்கல் மாவாகியிருந்தது. விரல் வைத்தால் விபூதி போல உதிர்ந்தது. என் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். ஈரம். சித்திரை, வைகாசி வெயில் கடந்த பிறகும் சில்லென்று ஈரம். "கீழே இருந்து வருகிற தண்ணீர் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது ஆச்சி. வாயை அடைத்துவிட்டீர்கள். அது மேலே ஏறி வழி தேடுகிறது" என்று சிமெண்ட் முடிந்த கோட்டுக்கு மேலே காட்டினார். அங்கே சுண்ணாம்புப் பூச்சில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பத்து ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இயற்பியல் ஆசிரியை. நுண்புழை ஏற்றம் என்று பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

அந்தப் பள்ளத்தை அடைக்க அவர் கலவை செய்ததையும் உடனிருந்து பார்த்தேன். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்காக ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டார். கடைசிப் பூச்சுக்கு மட்டும் வெண்ணெய்ப் பதம். கரணையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார், விழவில்லை. "இப்போது சரி" என்றார். முட்டை வெண்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய எங்கள் முகப்புச் சுவர் இன்னும் முகம் தெரியப் பளபளக்கிறது. அந்தக் கை இப்போது எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டார். அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார்.

உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரு பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டும்போது பிறகு வரும் மின்கட்டணத்தை மட்டுமே பேசுகிறோம். ஏற்கெனவே செலவழித்து முடிந்துபோன செங்கல், சுண்ணாம்பு, கடல் கடந்து வந்த தேக்கு ஆகியவற்றை வீசிவிட்டு, புதிதாக எரித்த சூளையின் புகையை வாங்கிக்கொள்கிறோம் என்பதை யாரும் எழுதிக் கூட்டுவதில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எனக்கு மனக்குறை இருக்கும் இடம் இதுதான்.

வெளிநாட்டோடு சேர்ந்து கட்டட ஆற்றல் கொள்கை எழுதும் அனுபவம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 2011-ல் தொடங்கிய இந்திய - சுவிஸ் கட்டட ஆற்றல் திறன் திட்டத்தின் பயனாகத்தான் 2018-ல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதி வந்தது. சுவர், சன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அது வரம்பு கட்டுகிறது. கூரை, காற்றோட்டம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நல்ல விதி. வெப்ப நாட்டுக்கென்று யோசித்து எழுதியது. 2022-ல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தையும் திருத்திக் குடியிருப்புகளை அதன் எல்லைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆனால் இந்த விதிகளின் கண் புதிய கட்டடத்தின் மீதே இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எழும் குடியிருப்பு என்று 2018 விதி வரையறுக்கிறது. எங்கள் பகுதியில் அந்த அளவைத் தாண்டாத செட்டிநாட்டு வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனை போதும், வீடு பழையது. அதனால் விதிக்கு எங்கள் வீடு கண்ணில் படாது. அதே மனையில் அந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் விதி ஓடிவந்து கணக்குக் கேட்கும். நிற்பதைக் காப்பாற்றுகிறவருக்கு வழிகாட்டி இல்லை, இடித்தவருக்கு இருக்கிறது. மரபுக் கட்டடம் என்று இன்னொரு கதவைத் தட்டினால் அங்கே அழகைப் பேசுவார்கள், தூணைப் பேசுவார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் பேசுவார்கள், வெப்பத்தைப் பேசமாட்டார்கள். தமிழ் வணிகர்களின் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பது பெருமை. ஆனால் சிமெண்டைச் சுரண்டுவதா பூசுவதா என்ற கேள்விக்கு அதில் பதில் தேட முடியாது.

இந்த இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த முன்மாதிரி ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இருக்கிறது. இத்தாலியின் போல்சானோ நகரத்தில் இருக்கும் யூராக் ஆய்வு நிறுவனமும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடுகளும் சேர்ந்து, மரபு கெடாமல் ஆற்றல் செலவைக் குறைத்த பழைய வீடுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு விவசாயி வீடு ஒன்றை எடுத்தால், எந்த ஆண்டு கட்டியது, சுவர் எதனால் ஆனது, சன்னலை மாற்றாமல் உள்ளே இன்னொரு சன்னல் வைத்தது எப்படி, அதற்குப் பிறகு செலவு எவ்வளவு குறைந்தது என்று எல்லாம் இருக்கிறது. பக்கத்து நாட்டுக்காரர் தன் வீட்டைப் போல ஒன்றைத் தேடிப் படித்துக்கொள்ளலாம். பழங்கட்டடங்களின் ஆற்றல் திறனை உயர்த்துவதற்கென்றே 2017-ல் ஐரோப்பா ஒரு தரநிலையும் எழுதியது. இதைச் செய், அதைச் செய்யாதே என்று அது சட்டம் போடவில்லை. முதலில் வீட்டைப் படி, பிறகு எந்த வழியில் என்ன ஆபத்து என்று எடைபோடு, அதற்குப் பிறகு முடிவெடு என்று வரிசை சொல்கிறது. எங்கள் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்ததும் அதே வரிசைதான்.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. புதுச்சேரியில் 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா - அர்ப்ஸ் திட்டத்தில் பிரான்சின் வில்நோவ்-சூர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய இரண்டு ஊர்கள் கைகோத்தன. தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில் வீட்டுக்காரர் போடும் பணத்துக்கு ஈடாகத் திட்டமும் ஒரு பங்கு போட்டு, திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருமுகத்தை வரிசையாக மீட்டார்கள். பெரிய தலைநகரங்கள் இல்லை, மூன்று சிறிய ஊர்கள். இத்தாலியின் நூற்றுப்பத்து ரூபாய்க் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் எது நமக்கு ஏற்றது என்று புரிகிறது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் வீட்டை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டு விடுதியாக நடத்துவதும் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்பது இதற்கு அடுத்த படி. விடுதியாக முடியாத வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மனிதர்கள் குடியிருக்க வேண்டும், சூடு தாங்கும்படி, செலவு கட்டுப்படியாகும்படி. அதற்கு வெப்ப நாடுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு இருக்கிறது. நடுமுற்றம், சுற்றிலும் தாழ்வாரம், எங்கள் வளவின் உடன்பிறப்பு. கேரளத்தில் நாலுகெட்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நீளமான கடைவீடுகள், உள்ளே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வானம் பார்த்த முற்றம், சுண்ணாம்புச் சுவர். எங்கள் ஆட்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளும் அந்தத் தெருக்களில்தான் இருந்தன. 2008-ல் அந்த நகரம் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. 2009-ல் தொடங்கிய 'திங்க் சிட்டி' என்ற அமைப்பு, பழைய வீடுகளைப் பழுதுபார்க்க வீட்டுக்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. சிமெண்ட் பூசிக் கெட்ட சுண்ணாம்புச் சுவரை மீட்கும் அனுபவம் அங்கே இருக்கிறது. பர்மா தேக்குக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் கடல் தாண்டிய ஊர் இது. ஒரு கொத்தனார் பினாங்குக்குப் போய் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு வருவதற்கு அரசுகள் வழி செய்யக் கூடாதா? யாழ்ப்பாணத்து மேசன் ஒருவர் இங்கே வந்து எங்கள் சுண்ணாம்புப் பதத்தைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

தொழில்நுட்பம் கிடைத்துவிடும். கிடைக்காதது பங்காளிகளின் சம்மதம்.

எங்கள் வீட்டுக்குப் பதினொரு பங்கு. கோலாலம்பூர், சிங்கப்பூர், நியூ ஜெர்சி, பெங்களூரு, கோவை, சென்னை என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஆளுக்கு வளவில் ஓர் இரட்டை அறை. கூரை மட்டும் ஒன்று. ஒருவர் வேண்டாம் என்றால் ஓடு மாற்ற முடியாது; ஒழுகல் பெருகும், உத்திரம் உளுக்கும், கடைசியில் பாகம் பிரித்து விற்பார்கள். பிறகு அந்தத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அப்படிப் போயிற்று.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தனார் சொன்ன பிறகுதான் உலகம் முழுக்க இதே பாடு என்று தெரிந்தது. அவர் இருப்பது அரசு அடுக்குமாடி வீடு. அங்கே பழைய அடுக்குகளைச் சீரமைக்கும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. தகுதியுள்ள வீட்டுக்காரர்களில் 75 சதவீதம் பேர் ஒப்பி வாக்களித்தால்தான் வேலை தொடங்கும். தொடங்கிவிட்டால் அத்தியாவசிய வேலைகள் எல்லா வீட்டுக்கும் நடக்கும். விருப்ப வேலைகளில் வேண்டாததை விட்டுவிடலாம். "எங்கள் அடுக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசினோம் அண்ணமிண்டி. ஒப்பாதவர்களுக்கும் சேர்த்துக் குழாய் மாற்றினார்கள், இன்றைக்கு அவர்களும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றார். ஜெர்மனியிலும் இதே தலைவலிதான் இருந்திருக்கிறது. 2020 டிசம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், அடுக்குமாடி உரிமையாளர்களில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தாலே கட்டடத்தில் மாற்றம் செய்ய முடிவெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. சீரமைப்புக் கொள்கையின் முக்கால் பங்கு இந்த வாக்கு எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆவணியில் பதினொரு பங்குக்காரர்களும் கைபேசி வழியாக ஒன்றுகூடினோம். நான் நோட்டைக் காட்டினேன். என் மகள் ஜெர்மனியில் 2017 முதல் வழக்கத்தில் இருக்கும் ஒரு முறையைச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு சீரமைப்பு ஏடு; இன்றைய நிலை கருஞ்சிவப்பு, கடைசி நிலை பச்சை, நடுவில் படிகள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. எந்தப் படியும் அடுத்த படிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அந்த ஏட்டின்படி வேலை செய்தால் அரசு மானியத்தில் 5 சதவீதம் கூடுதல். எங்களுக்கு மானியம் தர யாரும் இல்லை. ஆனால் ஏடு எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். கொழுந்தனார் அத்தியாவசியம், விருப்பம் என்று இரண்டு பத்திகள் போடச் சொன்னார். கூரை, தண்ணீர்ப் போக்கு, சுவர் ஈரம் ஆகியவை முதல் பத்தியில். குளிர்சாதனம், அறையோடு சேர்ந்த குளியலறை போன்றவை இரண்டாவதில், வேண்டியவர் தம் அறைக்குத் தம் செலவில். முதல் பத்திக்குப் பதினொன்றில் ஒன்பது பேர் ஒப்பினால் போதும், செலவைப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். சட்டத்தில் இது நிற்காது என்று சென்னைப் பங்காளி ஒருவர் சொன்னார். கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவது மட்டும் எந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று கோலாலம்பூரிலிருந்து பெரியவர் ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை. பத்துப் பேர் ஒப்பினார்கள்.

முதலில் கான்கிரீட் அறை. தளத்தின் மேல் வெண்மையாகப் பூசினோம். செலவு சொற்பம், இரண்டு நாள் வேலை. பூசிய பிறகு புரட்டாசி வெயிலில் இரவு பத்து மணிக்கு அறை 33-இல் நின்றது. முகப்பு அப்போது 30. மே மாதத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, வெயிலே குறைவு. ஆனால் முகப்புக்கும் அறைக்கும் இருந்த ஐந்து டிகிரி இடைவெளி மூன்றாகிவிட்டது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்து இரண்டாம் கட்டின் ஓடு. குரங்கு உடைத்தது, காற்று புரட்டியது போக முக்கால்வாசி ஓடு நல்ல ஓடுதான். இறக்கி, கழுவி, தட்டிப் பார்த்து, திரும்ப அடுக்கினார்கள். உளுத்த கைமரம் நான்கு. இடித்த வீட்டிலிருந்து வந்த பழந்தேக்கையே காரைக்குடியில் வாங்கிப் போட்டோம். ஐப்பசி முதல் மழை இரவில் வந்தது. கொழுந்தனார் அப்போதே அழைத்து ஒழுகுகிறதா என்று கேட்டார். கைபேசியை முற்றத்தின் பக்கம் திருப்பிக் காட்டினேன். நான்கு மூலையிலும் தண்ணீர் கொட்டி, அண்டா நிறைந்து வழிந்து, கல் தொட்டி வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பட்டாலையில் ஒரு சொட்டு இல்லை.

மேற்குச் சுவரின் சிமெண்டை உரிப்பது தை பிறந்த பிறகு. கொத்தனாரோடு எங்கள் ஊர்ப் பையன்கள் இருவர் கைவேலை பழகுவதாக ஏற்பாடு. அவர்கள் கூலி ஏட்டில் அத்தியாவசியப் பத்தியில் இருக்கிறது.

அடுத்த சித்திரைக்குப் பன்னிரண்டு வெப்பமானிகள் வாங்கிவைத்திருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்களில் குடும்பமாக இருக்கிறார்கள். பள்ளத்தூரில் நான்கு வீடு, கானாடுகாத்தானில் மூன்று, ஆத்தங்குடியில் இரண்டு. ஒன்று பினாங்கில் கடைவீட்டில் குடியிருக்கும் உறவினருக்கு. மீதி இரண்டும் யாழ்ப்பாணத்துக்கு, நாற்சார் வீட்டில் பிறந்து அங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தோழிக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டு. குறிக்க வேண்டிய நேரமும் ஒன்றுதான்: அவரவர் ஊர்க் கடிகாரப்படி மூன்று மணி, பத்து மணி, ஐந்து மணி.